பழைய இரட்டை வயரா, இன்றைய விலை கூடிய கேபிளா? – ஒலி பற்றிய வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1986 இல் சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்த சன்சுயி அம்பிளிபயரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் என்னிடம் இன்றும் நல்லபடி வேலை செய்கின்றன. ஸ்பீக்கருக்குப் போவது அந்தக் காலத்தில் கல்முனையில் வாங்கிய சாதாரண இரட்டை வயர். கனடாவில் இருக்கும் மகன், "அப்பா, அதைக் கழற்றி எறியுங்கள், இப்போது வரும் கேபிள்கள் வேறு தரம்" என்று சொல்லி 400 டொலருக்கு ஒரு சோடி வாங்கி அனுப்பப் பார்க்கிறான். இன்றைய உயர்தரக் கேபிள்கள் உண்மையிலேயே பழையவற்றைவிடச் சிறந்தவையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: ஐயா, மகன் காசை அனுப்பட்டும், கேபிளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் நாங்கள் கடையில் 40/76 என்று கேட்டு வாங்கும் வயராகத்தான் இருக்கும். 0.0076 அங்குலம் விட்டமுள்ள செம்பு இழைகள் 40 சேர்ந்தது அது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 1.17 சதுர மில்லிமீற்றர் செம்பு. அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீற்றர் என்று வைப்போம். போகவும் வரவும் 10 மீற்றர் கம்பி, அதன் மின்தடை 0.15 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் வழியில் தொலைவது 0.16 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). அதைக் கழற்றிவிட்டு 2.5 சதுர மில்லிமீற்றர் தடித்த கேபிளைப் போட்டால் இழப்பு 0.07 டெசிபலுக்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு டெசிபலின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சத்தக் குமிழை விரல் நுனியால் சற்று அசைத்தாலே அதைவிடக் கூடுதலாக மாறும்.

செம்பு முன்னேறிவிட்டது என்று மகன் சொல்வாராக இருக்கும். செம்பின் தரம் பெரிய பிரச்சினையாக இருந்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அத்திலாந்திக் கடலுக்கடியில் தந்திக் கேபிள் போட ஆயத்தம் நடந்த 1857 இல், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தொம்சன் சந்தையில் கிடைத்த செம்புக் கம்பிகளை அளந்து பார்த்தார். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த கம்பிகள் மின்னைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. அந்தக் குழப்பம் தீர்ந்து, 1913 இல் செம்புக் கம்பிக்கு ஒரு சர்வதேச அளவுகோல் வந்தது. அன்றைய தூய செம்பு 100 வீதம். இன்று ஒட்சிசன் நீக்கிய செம்பு என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து வரும் கம்பி அதே அளவுகோலில் 101 இல் நிற்கிறது. வீட்டு வயரிங்குக்குப் போகும் நல்ல செம்பும் 100, 101 தான். வெள்ளி இழை என்று இன்னும் மேலே போனால் செம்பைவிட 6 வீதம் கூடுதலாகக் கடத்தும். செம்பின் குறுக்குவெட்டை 6 வீதம் கூட்டினால் அந்த நன்மை நம் கைக்கு வந்துவிடும்.

உயர்ந்த அதிர்வெண்கள் கம்பியின் தோலில் மட்டும் ஓடும் என்று ஒரு கதை சொல்வார்கள். வானொலி அலைகளுக்கு அது பெரிய விடயம். நம் காதின் மேல் எல்லையான 20,000 ஹேர்ட்சில் செம்புக்குள் மின்னோட்டம் அரை மில்லிமீற்றர் ஆழம் அளவுக்கு இறங்குகிறது. உங்கள் வயரின் தடிப்புக்கு அதனால் வரும் மாற்றம் காதுக்கு எட்டாது.

ஸ்பீக்கர் கேபிள் என்று தனிச் சரக்கு ஒன்று பெரிய விலையில் வரத் தொடங்கியதே 1970களின் கடைசியில்தான். அமெரிக்காவில் நோயல் லீ தொடங்கிய மொன்ஸ்டர் கேபிள் நிறுவனம் அதில் முன்னுக்கு நின்றது. அதற்கு முன் அங்கேயும் மேசைவிளக்குக்குப் பாவிக்கும் வயரைத்தான் ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். 1983 இல் ஸ்டீரியோ ரிவியூ சஞ்சிகை, எந்த வயர் ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்து ஒரு சோதனை நடத்தியது. இசை போட்டபோது மொன்ஸ்டரையும் 16 கேஜ் விளக்கு வயரையும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. பின்தங்கியது மெல்லிய 24 கேஜ் வயர் மட்டும். 16 கேஜ் என்றால் 1.3 சதுர மில்லிமீற்றர். உங்கள் 40/76க்கு மிகக் கிட்டிய அளவு.

இதற்காகப் பழைய வயர் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நுனியில் ஓர் அங்குலம் வெட்டி, உறையை உரித்துப் பாருங்கள். செம்பு சிவப்பாக மின்னினால் அது இன்னும் பல காலம் உழைக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் தொடர்ந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் மாற்றும்போது இங்கேதான் கவனம் வேண்டும். இப்போது கடைகளில் கண்ணாடிபோல உறையோடு, தடிப்பாக, பார்க்க வடிவாகக் கிடைக்கும் ஸ்பீக்கர் வயர்களில் கனக்க, அலுமினியத்துக்கு மேலே செம்பு மெல்லிதாகப் பூசியவை. அவை கடத்துவது செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். இரண்டு முறை வளைத்துத் திருகினால் இழை முறியும். ஈயப்பற்றும் சரியாகப் பிடிக்காது. பிளேட்டால் ஓர் இழையைச் சுரண்டுங்கள், வெள்ளை தெரிந்தால் வாங்காதீர்கள். கையில் தூக்கினாலும் பாரமில்லாமல் இருக்கும். அந்தப் புது வயரைவிட நீங்கள் 1986 இல் போட்ட வயர் மேலானது என்று துணிந்து எழுதுகிறேன்.

வயர் உண்மையிலேயே சத்தத்தைக் கெடுக்கும் இடங்களும் உண்டு. 14/76 என்ற மெல்லிய வயரை மண்டபத்தில் 15 மீற்றர் இழுத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் மின்தடை 1.2 ஓமைத் தாண்டும், இழப்பு 2.4 டெசிபல். அதோடு நிற்காது. ஸ்பீக்கரின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், சில சுரங்கள் அதிகமாகவும் சில குறைவாகவும் விழும். அப்போது பாட்டின் நிறமே மாறும். இசைத்தட்டுக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். ஊசியிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் கேபிளின் மின்கொள்ளளவு (மின்னைத் தேக்கி வைக்கும் அளவு) கூடினால் உயர்ந்த சுரங்களின் சமநிலை கெடும். அங்கே குட்டையான, கொள்ளளவு குறைந்த கேபிள் போடுவது நியாயமான செலவு.

மகனுக்கு இன்னும் நம்பிக்கை வராவிட்டால், அவர் லீவில் வரும்போது வீட்டிலேயே சோதிக்கலாம். பேரப்பிள்ளை ஒருவர் அம்பிளிபயருக்குப் பின்னால் இருந்து, காசு சுண்டிப் பார்த்து வயரை மாற்றட்டும் அல்லது மாற்றாமல் விடட்டும். மகன் திரும்பிப் பார்க்காமல் எது ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதட்டும். சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடின சத்தம் காதுக்கு நல்ல சத்தம்போலப் படும், இந்த விவாதங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது. 10 முறையில் 5 சரி என்பது குருட்டாம்போக்கில் வரும். 9, 10 வந்தால் நான் அவர் சொல்லை ஏற்றுக்கொள்கிறேன்.

அந்தக் காசுக்குச் செய்ய வேண்டியது வேறு. ஸ்பீக்கரின் முன் வலையைக் கழற்றிப் பெரிய கூம்பின் விளிம்பை மெதுவாகத் தொடுங்கள். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது நுரைப் பொருள். நம் வெக்கையிலும் ஈரத்திலும் உதிர்ந்து போகும். விளிம்பு போனால் தாழ்ந்த சுரம் போயிற்று, மத்தளமும் தவிலும் தகரம்போலக் கேட்கும். கல்லடியில் என் மேசைக்கு வரும் பழைய செட்டுகளில் இது கண்ணால் பார்க்கக் கூடிய குறை. விளிம்பு புதிதாக ஒட்டி, பெட்டிக்குள் இருக்கும் பழைய மின்னாற்பகுப்புக் கொள்ளளவிகளை (கெப்பாசிற்றர்களை) மாற்றி, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னுக்கு இழுத்து வைத்துப் பாருங்கள். கேட்பதில் வரும் மாற்றத்துக்கு யாரும் சோதனை வைக்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த ரசனை உங்களுடையது, அதற்குரிய காசு போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

கேள்வி: எங்கள் பள்ளிவாசலில் அம்பிளிபயர் அறையிலிருந்து 200 மீற்றர் தள்ளி ஒரு ஹோர்ன் வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது வைத்துப் பார்த்ததில் சத்தம் போதாது. கேபிளை இறக்குமதி செய்த உயர்தரக் கேபிளாக மாற்றினால் சரிவரும் என்கிறார்கள். நிர்வாகத்தில் காசு கொஞ்சம்தான்.
– நிர்வாகசபை உறுப்பினர், ஏறாவூர்

பதில்: நானா, கேபிளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஹோர்னுக்கு லைன் ட்ரான்ஸ்போமர் ஒன்று போடுங்கள்.

நீங்கள் 8 ஓம் ஹோர்னை நேரடியாக இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 40/76 வயரில் 200 மீற்றருக்குப் போகவர ஏறக்குறைய 5.9 ஓம் மின்தடை. ஹோர்னுக்குப் போய்ச் சேருவது வயர் இல்லாவிட்டால் கிடைக்கும் சக்தியின் மூன்றில் ஒரு பங்குதான். அதே வயரில், அம்பிளிபயரின் 100 வோல்ற் முனையிலிருந்து எடுத்து, ஹோர்ன் அடியில் 30 வாற் ட்ரான்ஸ்போமர் வைத்தால் நூற்றுக்கு 96 போய்ச் சேரும். வோல்ற்றைக் கூட்டி ஓட்டத்தைக் குறைக்கும் இந்த வழி மின்சார சபை தூர இடத்துக்கு மின்சாரம் அனுப்பும் அதே வழி. 100 வாற்றை 8 ஓமில் கொண்டுபோக மூன்றரை அம்பியர் வேண்டும், 100 வோல்ற் லைனில் ஒரு அம்பியர் போதும். கம்பியில் விரயமாவது பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

கவனிக்க வேண்டியவை: எல்லா ஹோர்ன்களின் வாற்றையும் கூட்டினால் அம்பிளிபயரின் வாற்றுக்குள் இருக்க வேண்டும். ட்ரான்ஸ்போமர் இல்லாத ஹோர்னை 100 வோல்ற் முனையில் தவறியும் தொடுக்கக் கூடாது, அது எரிந்துவிடும். இந்த லைன் கையில் பட்டால் அதிர்ச்சி தரும், ஆகவே மூட்டுகளைத் திறந்து விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நீங்கள் கேட்காதது. சத்தம் காற்றில் ஒரு செக்கனுக்கு 350 மீற்றர் அளவில்தான் போகும். 200 மீற்றர் தள்ளி இருக்கும் ஹோர்ன் உடனே பேசும், இங்கிருந்து போகும் சத்தம் அரைச் செக்கனுக்கு மேல் பிந்தி அங்கே சேரும். இரண்டும் பலமாக இருந்தால் பயானின் (மார்க்க உரையின்) சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே பள்ளிவாசல் மேலே இருக்கும் ஹோர்னின் சத்தத்தைக் குறைத்து, அந்தந்த இடத்துக்கு அந்தந்த ஹோர்ன் என்று மெதுவாகப் பேச வையுங்கள். தெளிவு கூடும், பக்கத்து வீட்டு நோயாளிக்கும் நிம்மதி.

கேள்வி: எங்கள் ஊரில் கூத்து அரங்கேற்றத்துக்கு வட்டக்களரியில் நாலு மைக் வைத்தோம். விடிய விடிய ஒரே இரைச்சல். அண்ணாவியாரின் பாட்டே எடுபடவில்லை. மைக் வயர் பழசு. பொன்முலாம் பூசிய புது வயர் வாங்குவதா?
– கூத்துக் கழகத் தம்பி ஒருவர், மண்டூர்

பதில்: தம்பி, வயரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பொன்னுக்காக அல்ல, அமைப்புக்காக.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஒரு கம்பியும் அதைச் சுற்றி வலையும் உள்ள வயர், நுனியில் பெரிய ஜாக். மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு. பக்கத்தில் லைற் வயரில் ஓடுவது 230 வோல்ற், அதாவது லட்சம் மடங்குக்கு மேல். அது வலைக்குள் புகாமல் என்ன செய்யும்? மூன்று முனை உள்ள சமநிலை வயரில் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள் இருக்கும். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். மிக்சர் அந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து பாட்டு மிஞ்சும். கம்பிகளை முறுக்கி இரைச்சலைக் குறைக்கும் உத்திக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை எடுத்தார். புதுமை ஒன்றுமில்லை, நம் களரிக்கு வந்து சேரப் பிந்திவிட்டது, அவ்வளவுதான். மிக்சரிலும் மூன்று முனை உள்ளீடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் மட்டும் மாறிப் பயனில்லை.

பழைய உயர் மின்தடை மைக்காக இருந்தால் அதையும் மாற்றுங்கள். 50,000 ஓம் மைக்குக்கு 10 மீற்றர் வயர் இழுத்தாலே 3,000 ஹேர்ட்சுக்கு மேலே சரிவு தொடங்கிவிடும். சொல்லின் மெய்யெழுத்துகளும் சதங்கையின் கிலுகிலுப்பும் சல்லரியின் கூர்மையும் இருப்பது அங்கேதான். 200 ஓம் மைக்குக்கு 30 மீற்றர் இழுத்தாலும் ஒன்றும் குறையாது. வயரின் நீளம் மைக்கின் தன்மையோடு சேர்ந்துதான் கணக்கு.

களரியில் மைக் வயர் லைற் வயரோடு சேர்ந்து ஓடக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்குறுக்காகக் கடக்க விடுங்கள். மங்கலாக்கும் சுவிச் போட்ட லைற் இருந்தால் அதை வேறு இணைப்பில் கொடுங்கள். நாலு மைக்கையும் முழுநேரமும் திறந்து வைக்காமல், மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஒன்று, அண்ணாவியாருக்கு ஒன்று, ஆட்டக்காரருக்கு இரண்டு என்று பிரித்து, தேவையில்லாததை இறக்கி வைக்க ஒருவர் மிக்சரில் இரவு முழுக்க இருக்க வேண்டும். கூத்து கேட்டுப் பழகிய ஒருவரை இருத்துங்கள். அடுத்த பாட்டு யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: ரீவிக்கும் செட்டுக்கும் நடுவில் போடும் எச்டிஎம்ஐ கேபிளிலும் விலை கூடினால் சத்தம் கூடுமா?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: இல்லை தங்கச்சி. அதில் போவது எண்களாகப் போகிறது. எண் சரியாக வந்தால் சத்தம் முழுசாக வரும், தவறினால் படத்தில் பொட்டுப் பொட்டாக மினுங்கும் அல்லது சத்தம் அறுந்து அறுந்து வரும். விலைக்கேற்ற இனிமை என்று நடுவில் ஒன்று கிடையாது. ஆனால் இந்த வகையில் மட்டும் புதியவற்றுக்குக் கூடுதல் வல்லமை இருக்கிறது. புதுப் பெரிய ரீவிக்கு செக்கனுக்கு 48 கிகாபிற் வரை தாங்கும் வகையைக் கேட்டு, தேவையான நீளத்துக்கு மேல் வாங்காமல் விடுங்கள். உங்கள் பழைய கேபிளில் படம் குறையில்லாமல் வந்தால் அதுவே போதும்.

கேள்வி: கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. எந்த வயர் போட்டாலும் ஒரு வருடத்துக்குள் ஒரு பக்க ஸ்பீக்கர் நின்று நின்று வருகிறது. பொன்முலாம் பிளக் நல்லதா?
– திருக்கோவில் வாசகர்

பதில்: நல்லது. பொன் பற்றி நான் எதிராக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். செம்பைவிடப் பொன் மின்னைக் குறைவாகத்தான் கடத்தும், ஆனால் உப்புக்காற்றில் கறுக்காது. ஆகவே நம் கரையில் பொன்முலாம் பிளக் பெயருக்கு அல்ல, பாவனைக்கு உகந்தது. பிளக்கும் அது போய்ச் சேரும் துளையும் இரண்டுமே பொன்முலாமாக இருப்பது நல்லது.

அதைவிட முக்கியம், பழைய காலத்து ஸ்பிரிங் பிடிக்குள் வெறும் இழையைச் செருகி விடுவதை நிறுத்துவது. நவலடியிலும் கல்லடியிலும் நான் திறக்கும் செட்டுகளில் வயரின் நடுவில் குறை கண்டது அரிது. நுனியில்தான் பச்சை பூத்திருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு இழை, படகுகளுக்குப் போடும் வகை, கிடைத்தால் அதை எடுங்கள். விலை அதிகமில்லை, உப்பை நன்றாகத் தாங்கும். நுனியில் கண்ணி வைத்து அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் குழாயை அதன்மேல் இறுக்கி, திருகில் பூட்டுங்கள். பெரிய ஸ்பீக்கர் என்றால் 1987 இல் வந்த ஸ்பீக்கொன் வகைப் பூட்டுப் பிளக் அதைவிடச் சிறந்தது. கம்பியைக் காட்டிலும் கம்பியின் நுனிகள்தான் கடந்த 40 வருடத்தில் உண்மையாக முன்னேறியவை.

மாரி தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாப் பிளக்கையும் கழற்றி, தொடுகைக்கென்று விற்கும் துப்புரவுத் திரவத்தால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். அம்பிளிபயரின் பின்பக்கச் சுவிச்சுகளையும் இருபுறமும் பலமுறை அசைத்துவிடுங்கள். அப்படிச் செய்தும் அதே பக்கம் நின்றால், இடது வலது வயர்களை அம்பிளிபயரில் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். குறை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் அம்பிளிபயரைக் கொண்டு வாருங்கள். அதே ஸ்பீக்கரில் நின்றால் முதலில் அதற்குப் போகும் வயரையும் அதன் நுனிகளையும் மாற்றுங்கள், அதன் பிறகும் தீராவிட்டால் மட்டும் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள்.